ஆறு பாகை

கொலோன் நகருக்கு வெளியே, விமானம் இறங்கும் சத்தம் கேட்கிற கட்டடத்தில்
என் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள்.
ஆறு பாகை. அதிகமில்லை.
நாற்பத்தைந்து பாகைச் சரிவில் ஓடு வேய்ந்து பிழைப்பவன் நான்.
ஆறு பாகையை நாங்கள் சமதளம் என்போம்.

அறுபது நாள். தலையணை கிடையாது.
சாப்பிட, குளிக்க, கழிக்க, எல்லாம் படுத்தபடி.
ஒரு தோளாவது மெத்தையில் பட்டிருக்க வேண்டும்.
பட்டிருக்கிறதா என்று கூரையிலிருந்து கேமரா பார்க்கும்.
(கூரை நான் போட்டதல்ல. மட்டமான வேலை.)

இப்படிக் கிடந்தால்
விண்வெளியில் இருப்பதாக உடம்பு நம்பிவிடுமாம்.
உடம்பை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்றேன்.
"ரத்தத்தை மட்டும்" என்றாள் கேஷே,
விலாவுக்குக் கீழே குளிர்ந்த பசையைத் தடவி.

முதல் நாளே கிளம்பிவிட்டது கால்களிலிருந்த ரத்தம்,
வாடகை பாக்கி வைத்தவர்கள்போல, சொல்லாமல்.
முகம் உப்பியது. மூக்கடைத்தது.
கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன்:
நாற்பத்தொரு வயதில், எந்தக் காரணமும் இல்லாமல்,
தலைக்கனம்.

இதயம் என்ன செய்யும், பாவம்.
வெள்ளம், வெள்ளம் என்று நினைத்துக்கொண்டது.
சிறுநீரகங்களுக்கு ஆள் அனுப்பியது.
இரண்டு நாள், புட்டி புட்டியாக.
புட்டிகளில் என் பெயரில்லை, ஓர் எண்.
எங்கோ ஒரு குளிர்பெட்டியில் இன்னும் இருக்கலாம்
உபரி என்று நான் கொட்டிய குளம்.

வெள்ளம் வரவே இல்லை என்று
யாரும் அதற்குச் சொல்லவில்லை.

வாரம் ஒருமுறை கேஷே வருவாள்.
கறுப்புத் திரையில் சாம்பல் நிறமாய் ஏதோ
வாயைத் திறந்து மூடும்.
"இதுவா?"
"இதுதான்."
மகனுக்குப் பல் விழுந்த கதை சொல்வாள்.
நாற்பதாம் நாள் கதை இல்லை.
இதயச் சுவரின் இருபுறமும் புள்ளி வைத்தாள்,
அழித்தாள், திரும்ப வைத்தாள்.
மெலிந்துவிட்டதா என்றேன்.
"சொல்லக்கூடாது."
சொல்லாததிலேயே மில்லிமீட்டர் தெரிந்தது.

ஏணி ஏறாத இதயம்.
ஒரு மாடி உயரம்கூட ரத்தத்தைச் சுமக்காத இதயம்.
வேலை போனவன் இடுப்புவாரில் புது ஓட்டை போடுவதுபோல
தன்னைச் சுருக்கிக்கொண்டது.
கால் நாளங்களுக்கோ
இறுக்கிப் பிடிப்பது எப்படி என்பதே மறந்துபோனது.
இத்தனை வருடம் கயிறு கட்டினேன், கொக்கி மாட்டினேன்,
நான் விழாமலிருக்க.
உள்ளே ஒவ்வொரு நொடியும் விழப்பார்த்த ரத்தத்தை
எந்தக் கயிறும் கேட்காமல் பிடித்துக்கொண்டிருந்தவை அவை.

அறுபத்தோராம் நாள்
பலகையில் வாரால் கட்டி நிமிர்த்தினார்கள்.
எண்பது பாகை. தேவாலயக் கோபுரம்தான் அப்படி இருக்கும்.
ரத்தத்துக்குப் பழைய வீடு ஞாபகம் வந்தது.
திமுதிமுவென்று இறங்கியது.
நெஞ்சு ஓடியது, நூற்றுப் பத்து, நூற்று முப்பத்தெட்டு.
ஓடி என்ன?
பானையில் இல்லாததை எத்தனை வேகமாக அள்ளினாலும்
கரண்டிதான் தேயும்.
நாலாம் நிமிடம் ஓரங்களிலிருந்து இருட்டு.
"ஆர்னே, என்னைப் பாருங்கள்."
பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் மழை பெய்தது.
இருபது வருடத்தில் ஒரு கூரையிலிருந்தும் விழாதவன்
கட்டிய கட்டோடு, நின்ற நிலையில் விழுந்தேன்.

பணம் வந்தது. வேன் கடன் அடைந்தது.
ஏப்ரலில் மூன்றாம் படியிலேயே மூச்சு வாங்கியது.
"விண்வெளி வீரர் இறங்குகிறார், வழிவிடுங்கள்" என்பான்
கீழே சுண்ணாம்பு கலக்கும் டெட்லெஃப்.

மே மாதம் ஒரு மாலை
பூட்ஸைக் கழற்றிக் காலுறையை உருவினேன்.
கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம்,
நூல் நூலாகப் பதிந்திருந்தது நெசவு.
அறுபது நாள் காணாமல் போயிருந்த கோடு.
விரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது.
அவசரமில்லாமல் நிரம்பியது.